ஒரு வாய் ஜலம்

அலுவலகத்து முதலுதவி வகுப்புக்கு நான் பெயர் கொடுத்தது யார் உயிரையும் காப்பாற்றும் உத்தேசத்தில் இல்லை. வகுப்பு இருக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல் ஃபைல்களைத் தொட வேண்டாம், அதுதான் காரணம். எழுபதுகளின் கடைசி அது. வகுப்பு முடிந்ததும் கட்டுத்துணியும் பஞ்சும் கத்தரிக்கோலும் போட்ட ஒரு காக்கிப் பையைக் கொடுத்தார்கள். தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அதை மாட்டிவைத்துவிட்டு, யாருக்காவது ஏதாவது ஆகாதா என்று காத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன். குக்கர் சுட்ட விரலைத் தவிர ஒன்றும் வரவில்லை. கீழ்வீட்டு மாமி என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேலி என்று தெரியும். எரிச்சலை விழுங்கிக்கொள்வேன்.

மாமிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் போய்விட்டார். மகன் ஆபீசுக்குப் போனபின் பகலெல்லாம் தனியாக இருப்பாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் நான் லீவில் இருந்தேன். வெளியே லூ அடித்துக்கொண்டிருந்தது. அந்த அனல்காற்றில் காலனியே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும். கரண்டும் போயிருந்தது. கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. உடனே மாமியின் குரல்.

"அடியே, சீக்கிரம் இறங்கி வா. யாரோ விழுந்துட்டான்."

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். படிக்கட்டின் அடியில் ஒருவன் குப்புற விழுந்து கிடந்தான். படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டித் தோளில் சுமந்து வீடு வீடாக விற்பவன். இதற்குமுன் அவனை நான் பார்த்ததில்லை. "பையா, பையா" என்று ஹிந்தியில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினேன். பதில் இல்லை. உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை கிடையாது. தொண்டையில் கர் கர் என்று சத்தம்.

வெப்பத்தாக்குதல். பையில் இருந்த எதுவும் இதற்கு உதவாது. உடம்பைக் குளிர வைக்க வேண்டும், நினைவு திரும்பும் வரை வாயில் எதையும் விடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சட்டையைக் கிழித்தேன். குழாயில் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். மொட்டைமாடித் தொட்டியில் இருந்தது கொதிநீர். மாமி வீட்டுக் கூலரின் அடித்தொட்டித் தண்ணீரை மொண்டு வந்தேன். அவன் மூட்டையைப் பிரித்து ஒரு விரிப்பை நனைத்து அவன் மேல் போட்டேன்.

நிமிர்ந்தால் மாமி செம்போடு நிற்கிறாள். காசியில் வாங்கி மூடியை ஈயம் வைத்து அடைத்த சின்னக் கங்கைச் செம்பு. தில்லியில் எங்களவர்கள் வீட்டுப் பூஜை அலமாரிகளில் கடைசி நேரத்துக்கென்று ஒன்று காத்திருக்கும். மாமி கத்தி முனையால் ஈயத்தை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"போறவன் தொண்டை காஞ்சு போகப்படாதுடி. ஒரு வாய் விட்டுடறேன்."

"வேண்டாம் மாமி. அவனால முழுங்க முடியாது. மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கும்."

"எங்காத்துக்காரருக்கு நான்தான் விட்டேன். எனக்குத் தெரியாதா?"

ஈயம் பெயர்ந்தது. குனிந்து செம்பைச் சாய்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினேன். வயதில் பெரியவளை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

"யார் பெத்த பிள்ளையோ," என்றாள். "தண்ணி இல்லாம இவன் போனான்னா அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். கனவுல வந்து நின்னு கேப்பான், பாத்துக்கோ."

வகுப்பில் கட்டுப் போடுவதற்கு நல்ல பெயர் வாங்கியவள்தான், ஆனால் அங்கே படுத்துக் காட்டிய குமாஸ்தாக்கள் யாரும் சாகப் போவதில்லை. ஒருவேளை மாமி சொல்வதுதான் சரியோ? அவள் கையை மட்டும் விடவில்லை.

"விசிறுங்கோ மாமி," என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செம்பைப் படியில் வைத்துவிட்டு முறத்தை எடுத்து வந்து விசிறினாள். கூலர்த் தண்ணீர் தீர்ந்தது. இரண்டு வீட்டிலும் குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரையும் ஊற்றினேன். மட்டமான சாயம் போலிருக்கிறது, சிவப்பு விரிப்பிலிருந்து கரைந்து தரையெல்லாம் ஓடியது. தெருவில் போன ஸ்கூட்டர் ரிக்‌ஷாவை ஓடிப்போய் நிறுத்தினேன். டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"கூன் ஹை. போலீஸ் கேஸ்."

ரத்தம் இல்லை, சாயம் என்று ஹிந்தியில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்தபோது அவன் தொண்டைச் சத்தம் நின்றிருந்தது. மாமி விசிறுவதை நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தாள்.

முழங்கால் போட்டு அவன் வாயருகே காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கன்னத்தில் சூடாக மூச்சு பட்டது. இன்னொன்று. தோளைத் தொட்டேன். கொதிப்பு தணிந்திருந்தது. "விசிறுங்கோ," என்றேன் மறுபடி. இந்தத் தடவை கெஞ்சினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் இருமினான். கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தான். தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பானி," என்றான்.

பானை காலி. கூலர் காலி. மாமி என்னைத்தான் பார்த்தாள்.

"இப்ப குடுக்கலாமாடி?"

தலையாட்டினேன். செம்பை எடுத்து அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அவன் விழுங்குவதை, தொண்டை ஏறி இறங்குவதை, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். விழுங்கிவிட்டு இன்னும் கேட்டான். கொடுத்தாள். செம்பு காலியாகும் வரை கேட்டான்.

டாக்ஸி ஸ்டாண்டு சர்தார்ஜி ஒருவர் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மூட்டையை வாங்கிப் போக நடந்தே வந்தான்.

அன்று அவர்கள் போனபின் நானும் மாமியும் சிவப்புத் தண்ணீருக்கு நடுவில் படியில் உட்கார்ந்திருந்தோம். மாமி செம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அவரோட காசிக்குப் போனப்போ வாங்கினது. எனக்குன்னு வெச்சிருந்தேன்," என்றாள். "போறது போ. எனக்குக் குழாய்த் தண்ணியே போதும். நீதான் விடணும்."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் போற அன்னிக்கு மட்டும் முழுங்க முடியுமா முடியாதான்னு பாக்காதே."

அவள் கையை விலக்கி அந்த மணிக்கட்டை நான் தடவிக் கொடுத்தேன்.