ஷுக்கூர் பாயின் தொண்டை

அப்துல் ஷுக்கூர் தொண்டையை நம்பிப் பிழைத்தவர். மொரப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்திரண்டு வருடமாக மொபெட்டில் போய், "கேஸ் அடுப்பு ரிப்பேரே..." என்று கூவுவார். குரல் கேட்டதுமே பெண்கள் அடுப்பைத் துடைத்து வைப்பார்கள். அதில் ஓர் ஊரில் இருக்கும் மாதம்மாள் அதற்கும் ஒரு படி மேல். அடுப்பை அவரிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குக் களையெடுக்கப் போய்விடுவாள். வேலை முடிந்ததும் அவரே வீட்டைப் பூட்டி, சாவியை மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டுப் போவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்த ஆடியில் தொண்டை கட்டிக்கொண்டது. தருமபுரியில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வண்டியில் மாட்டினார். அதில் பதிவாகிக் கத்துவது எவனோ ஒருத்தன். மனுஷர் தப்புப் பண்ணியது அங்கேதான்.

அந்த வாரம் பக்கத்து ஊரில் இரண்டு ஆடும் ஒரு சங்கிலியும் திருட்டுப் போயிருந்தன. வாட்ஸ்அப் குரூப்பில் ஆடு இருபதானது. ஸ்பீக்கர் கட்டிய கும்பல் ஒன்று வீடு வீடாக நோட்டம் விடுகிறதாம். யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதம்மாள் ஊர் முனையிலேயே அவர் வண்டியை மறித்தார்கள். தொண்டைக்குச் சுற்றிய துண்டு பாதி முகத்தை மறைத்திருந்தது. போன வருடம்தான் அந்த ஊருக்கு மருமகளாக வந்த கலைமணி போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தூருங்க நீங்க? ஆதார் காட்டுங்க."

ஷுக்கூர் ஸ்பீக்கரை அணைத்து, துண்டை இறக்கி, வலிக்க வலிக்க ஒரு தடவை கூவினார். மாதம்மாள் ஓடி வந்தாள்.

"அட, நம்ம பாயி! எத்தினி வருசமா எங்கூட்டுக்கு வர்றாரு. வழிய வுடுங்க!"

கூட்டம் அரை மனதாகக் கலைந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் ஒருத்தி போதும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவள் வீட்டில் அவர் பர்னரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, மாதம்மாளும் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"களையெடுக்கப் போவலியாம்மா?"

"முட்டி வலிங்க பாயி. நடக்க முடியல." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தவரின் கண் கொட்டகைக் கூரைக்குப் போனது. அங்கே சாவி செருக அன்று வேலையில்லை.

வண்டியைக் கிளப்பி, தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, களைக்கொத்தோடு மாதம்மாள் விறுவிறுவென்று காட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.