கடைசி அத்தியாயத்துக்கு ரப்பர் பேண்ட்

புத்தகக் கடையில் நிற்கிற சகோதரிகளுக்குத் தெரியும், வாங்க வருகிறவர்களைவிட நின்றே படித்து முடிக்கிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

நான் எட்டாவதோடு நின்றவள். புது ஆளைக் கண்டால் பேச்சு வராது. மகனைப் பால்வாடியில் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். வாலிபப் பிள்ளைகளுக்கான துப்பறியும் கதை அலமாரிதான் என் பொறுப்பு. "கிறிஸ்துமஸுக்குள்ள இது ஓடலைன்னா எடுத்துட்டு பைபிள் வசனக் காலண்டர் மாட்டிருவேன்" என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். அலமாரி போனால் நானும் வீட்டுக்குத்தான்.

கட்டுப்போட்ட கள்ளன்

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூட்டமாக வரும். முன்னால் நாலு பக்கம், கடைசியில் நாலு பக்கம். கள்ளன் யாரென்று தெரிந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டு நடையைக் கட்டும். தடுக்க எனக்கு நாக்கு எழாது. அதனால் எல்லாப் புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன்.

மறுநாள் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைசியில கள்ளன் மனந்திரும்பணும்லா, அக்கா? இப்படி இறுக்கிக் கட்டிவச்சா எப்படித் திரும்புவான்?"

உவரிக்காரி

கடலோர உவரியிலிருந்து மீன்பிடிக் குடும்பத்து அம்மா ஒருத்தி மகனுக்குப் புத்தகம் வாங்க வந்தாள். கடத்தல்காரர்களைக் கடலில் துரத்துகிற கதையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தைப் பிரித்தாள். பதினாலு வயசுப் பையன் ஜெபம் பண்ணுகிறான், புயல் அடங்குகிறது, தனியாளாக வள்ளத்தைக் கடலில் தள்ளி ஏறுகிறான்.

"புயல் அடங்கினத நம்புதேன். ஒத்தையில வள்ளம் தள்ளினத மட்டும் நம்ப மாட்டேன். சரி மக்கா, கட்டிக் குடு. எம்மவன் ஏசிக்கிட்டே படிக்கட்டும்."

அண்ணாச்சியும் காணிக்கைப் பெட்டியும்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அண்ணாச்சி காலண்டர் கட்டோடு வந்து நின்றார். சுத்தியலும் கையில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படி என்னதான் இருக்கு இதுல" என்று மேலே இருந்த ஒன்றை உருவினார். மலைக்கோயில் காணிக்கைப் பெட்டி களவுபோகிற கதை. நின்றபடி படித்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. மத்தியானம் சாப்பாட்டுக்கும் போகவில்லை. ரப்பர் பேண்ட் வந்ததும் விரலைக் கொடுத்தார்.

எங்கிருந்துதான் எனக்குக் குரல் வந்ததோ. "வாங்கினாத்தான் கழட்டணும், அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ரப்பர் பேண்டைப் பார்த்தார், பிறகு கல்லாவிலிருந்த எஸ்தர் அக்காவைப் பார்த்தார். "ஏட்டி எஸ்தரு, இதுக்கு ஒரு பில்லு போடு. காலண்டர வாசல்ல மாட்டிக்கிடலாம்."

இப்போது அலமாரியும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், ஆனால் காணிக்கைப் பெட்டியை எடுத்தது யாரென்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள், வாங்காத புத்தகத்தில் ரப்பர் பேண்டைக் கழற்ற எனக்கும் அனுமதி கிடையாது.