படுத்தால் வரும் இருமல்

சலவைக்கூடத்தில் அவருக்கு ‘மடிப்பு’ என்று பெயர். தேநீர் குடித்த காகிதக் குவளையைக்கூட ஓரம் பார்த்து மடித்துத்தான் குப்பையில் போடுவார். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது அவர் வேலை. அவருக்குச் சளி பிடித்து ஒரு வாரம் ஆகிறது. பிடித்தது என்று சொன்னால் நம்புவதற்குத்தான் ஆளில்லை.

ஏனென்றால் பகலில் அவருக்கு ஒன்றுமே இல்லை. மேசை முன்னால் நின்று முதல் விரிப்பைத் தேய்க்கும்போதே, முகத்தில் அடிக்கிற ஆவியில் மூக்கு திறந்துகொள்ளும். மத்தியானத்துக்குள் சீட்டியடிக்கத் தொடங்கிவிடுவார். ஒழிந்தது சளி என்று தெம்பாகக் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடிப்பார். தினமும் இதே ஏமாற்றம், தினமும் இதே தெம்பு. வேலை முடிந்த கையோடு மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால், அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்கிறார். அந்த நேரத்தில் ஆள் நன்றாகத்தான் இருந்தார், மருத்துவரைக் குறை சொல்லி என்ன பயன்? ராத்திரி விளக்கை அணைத்துத் தலையைச் சாய்த்தால் போதும், தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டுக் குடைகிற மாதிரி ஆரம்பித்துவிடும்.

அவர் மனைவி நகரப் பேருந்தில் நடத்துநர். ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்கான தேர்வு மறுநாள் காலை, பணிமனையில். நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே பேருந்தைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்த வேண்டும். ஒரு கம்பம் சாய்ந்தாலும் போயிற்று. போன தடவை தேர்வுக்கு முந்தின ராத்திரியும் இவர் வேறொரு சளியில் விடிய விடிய இருமித் தீர்த்தார். அவள் வீங்கின கண்ணோடு போய்க் கடைசிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள். இந்தத் தடவையும் தவறினால் இனி வாய்ப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசியது இவர் காதில் விழுந்து தொலைத்தது.

“பகல்ல வேலை செய்யற இடத்துல சீட்டியடிக்கிறாருக்கா, பஸ் அந்தப் பக்கம் போறப்ப ஜன்னல் வழியா நானே பாத்தேன். எனக்குப் பரீட்சைன்னாதான் இவருக்கு இருமல் வருது.”

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தெருமுனை மருந்துக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா மட்டும் நம்பினார். எல்லாருக்கும் ராத்திரியில்தான் சளி பாடாய்ப் படுத்தும் என்றார். நிமிர்ந்திருக்கும்போது மூக்கிலிருந்து உள்ளே வடிவதை நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். படுத்தால் அது தொண்டையில் தேங்கி இருமலைக் கிளப்புகிறது. வீக்கத்தை அடக்கி வைக்கிற ஒரு சுரப்பும் பகலைவிட ராத்திரியில் உடம்பில் குறைவு. போதாக்குறைக்கு, பகலில் வேலை இருக்கிறது, பேச்சு இருக்கிறது. இருட்டில் மூக்கைத் தவிர நினைக்க வேறென்ன இருக்கிறது? தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல்லி அனுப்பினார். இதையெல்லாம் வீட்டில் சொல்ல வாயெடுத்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். சாட்சிக்கு ஆள் பிடித்து வந்ததாக அல்லவா நினைப்பாள்.

படுத்தார். தலையணைக்கு மேல் தலையணை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினால் வலது மூக்கு அடைத்தது, இடப்பக்கம் திரும்பினால் இடது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவியின் முதுகு அசையாமல் இருந்தது. தூங்குகிறாளா, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாளா? இறகு குடையத் தொடங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். குழாயைத் திறந்துவிட்டு இருமினார். தண்ணீர்ச் சத்தம் இருமலைவிடப் பெரிதாக இருந்தது. மாடிப்படிக்குப் போனார். அங்கே ஒரு இருமல் நாலு மாடிக்கும் கேட்டது, கீழ்வீட்டு நாய் பதில் கொடுத்தது. இருப்புக் கொள்ளாமல் சமையலறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கே நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ? ஓட்டுநர் ஆகிவிட்டால் விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். காலைத் தேநீரைத் தனியாகக் குடிக்க வேண்டும். இதை நினைத்து ஒருநாள் மனம் சுருங்கியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மனம் நினைத்ததை உடம்பு எடுத்துக்கொண்டதோ? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே இருமலும் வந்தது.

நாற்காலியில் அவளுடைய சீருடைச் சட்டை கிடந்தது. சும்மா நிற்க முடியாமல் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். மேசையில் துணி விரித்து, தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து ஆரம்பித்தார். ஆவி எழும்பியது. மூக்கு லேசாக இளகியது. தோள், கை, பொத்தான் பட்டி என்று போகப் போகத் தொண்டை அடங்கியது. சட்டை முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது, நிறுத்தினால் மறுபடி வந்துவிடுமே. கைக்குட்டைகளைத் தேய்த்தார். திரைச்சீலையைக் கழற்றித் தேய்த்தார். கரித்துணியைக்கூட விட்டு வைக்கவில்லை. கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். இருமல் வரவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கியதில் விழித்தார். மனைவி எதிரே குந்தியிருந்தாள். கண்கள் போன தடவையைப் போலவே சிவந்திருந்தன.

“ஏம்மா, தூங்கலையா? அப்புறம் நான் இருமவே இல்லையே.”

“அதான். இருமுறப்ப கோவமா வந்துச்சு. சத்தம் நின்னதும் பயந்து போயிட்டேன். கதவைத் திறந்து பாத்தா மூச்சு வருது. வந்து படுத்தேன். மறுபடியும் பயம். இப்படியே விடிஞ்சிடுச்சு.”

அவருக்கு அழுகை முட்டியது. இருமியும் கெடுத்தார், இருமாமலும் கெடுத்தார். அவள் நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள், மடித்து வைத்திருந்த கரித்துணியைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பச் சொன்னாள். அன்று அவருக்கு மேசையும் இல்லை, ஆவியும் இல்லை. விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனார்.

பணிமனையில் வேடிக்கை பார்ப்பவர்களை நிறுத்தும் இடம், பாழாய்ப்போன அந்தக் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில். பேருந்து பின்னால் நகரத் தொடங்கியதும் தொண்டையில் இறகு குடைந்தது. பட்டப் பகலில். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் கம்பத்தைப் பார்த்தாள், அடுத்து இவரைப் பார்த்தாள், மறுபடி கம்பத்தைப் பார்த்தாள். இவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, முகம் சிவந்தது. பேருந்து கோட்டுக்குள் வந்து நின்றது. கம்பம் அசையவில்லை.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“போதும், இப்ப இருமுங்க.”