பன்னிரண்டு மணிக்குப் போகாத நிழல்

என் அறிவியல் கட்டுரைத் தொகுப்பு வெளியான அன்று காலை, ஜொகூரின் தம்போயில் ஒரு கோவில் மண்டபத்தின் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன், பட்டுச் சேலையோடு. எதிரே சிமெண்டு ஊற்றிய வாளியில் நட்ட ஒரு பிவிசி குழாய். கையில் ரசமட்டம். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போதும்மா, நேராத்தான் இருக்கு,” என்றார் கணவர்.

“உங்க கண்ணுக்கு நேரா இருக்கு. மட்டத்துக்கு இருக்கணும்ல.”

என் வேலை அப்படி. கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். தராசோ வெப்பமானியோ, எது பொய் சொன்னாலும் கண்டுபிடித்து அதன்மேல் சிவப்பு வில்லை ஒட்டிவிடுவேன். அந்தப் புத்தி வேலை முடிந்தாலும் வீட்டுக்குக் கூடவே வந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கூலாயில் இருக்கும் என் நாத்தனார் தினமும் எதையாவது அனுப்புவாள். இன்று இரவு கைப்பேசியை அணைத்து வையுங்கள், விண்வெளியிலிருந்து கதிர் வருகிறது என்பாள். எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லா நோயும் போய்விடும் என்பாள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் ‘தவறு’ என்று ஒரே சொல்லில் எழுதுவேன். அவள் ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

உண்மையைச் சொன்னால், அந்த எரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் கொடுத்தார்கள். ரொட்டி சானாய் ஏன் அடுக்கடுக்காகப் பிரிகிறது, விபத்தே இல்லாமல் எல்லைப் பாலத்தில் நெரிசல் எங்கிருந்து வருகிறது, ஜொகூரில் ஏன் இத்தனை இடி என்று எழுதினேன். சின்ன வயதில் நான் படித்த அறிவியல் நூல்களில் எல்லாம் பனி கொட்டும், ஆப்பிள் விழும். என் புத்தகத்தில் ரம்புத்தான்தான் விழும் என்று சபதமே எடுத்திருந்தேன். முன்னுரையிலும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன்.

தொகுப்பின் முதல் கட்டுரை நிழலைப் பற்றியது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வரும். அப்போது செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. செப்டம்பரில் அந்த நாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையையே வெளியீட்டுக்குப் பிடித்தேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோர் கண் முன்னாலும் நிழலைக் காணாமல் போகச் செய்வதாக அழைப்பிதழிலும் போட்டாயிற்று. குடும்பக் குழுவிலிருந்து ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். இத்தனை நாள் அத்தனை பேரையும் திருத்தியவள் நான். அன்று நிழல் போகாவிட்டால், இனி நான் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் ஊர் நிகழ்ச்சிகளில் பத்து மணி என்றால் பதினொன்றுக்குத்தான் குத்துவிளக்கு ஏறும். தலைமை விருந்தினர் அதற்கும் பிறகு வருவார். சூரியன் காத்திருக்காது சார் என்று அவருக்கு மூன்று முறை போன் செய்திருந்தேன். மனிதர் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நின்றார். வாழ்த்துரைகள் சுருக்கமாக முடிந்தன. பன்னிரண்டு அடிக்கும்போது கூட்டம் முழுவதும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி குழாயைச் சுற்றி நின்றது.

நிழல் ஒரு முழ நீளத்துக்கு மேற்கே சாவகாசமாகப் படுத்திருந்தது.

பன்னிரண்டே கால் ஆயிற்று. கொஞ்சம் சுருங்கியது, ஆனால் போகவில்லை.

“அண்ணி, நெழல் இன்னும் இருக்கே?” என்றாள் நாத்தனார். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. தரை சரியில்லை, வாளி சரியில்லை என்று கணவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: “கொஞ்சம் கெழக்கால சாச்சுடவா? நெழல் போயிடும். யாருக்குத் தெரியப் போவுது?”

சாய்த்தால் போய்விடும்தான். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஒரு நொடி, “சரி, சாச்சுடுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து என் அலுவலகத் தோழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மலாய்ப் பெண். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது, எனக்காக வந்திருந்தாள். என்ன குழப்பம் என்று கேட்டாள், சொன்னேன். அவள் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியில் தொழுகை நேரத்தைப் பார்த்துவிட்டு, “பெலும் லாகி லா, காக்,” என்றாள். இன்னும் நேரம் ஆகவில்லையாம், அக்கா. சூரியன் உச்சியைத் தாண்டிய பிறகுதானே மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள்? இன்றைக்கு அது ஒரு மணிக்கு மேல்தான்.

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல் இருந்தது. வேலை நாளில் ஒரு மணிக்கு மேல், பக்கத்து நாற்காலியிலிருந்து இவள் தொழுகைக்கு எழுந்து போவதை எத்தனை ஆண்டாகப் பார்த்திருக்கிறேன்! ஏன் பன்னிரண்டுக்குப் போவதில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடலுக்கு அப்பால் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கட்டும் என்று எங்கள் தீபகற்பத்தின் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்ததும் எனக்குத் தெரியும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. பனியையும் ஆப்பிளையும் விரட்டிய நான், வெளியூர்ப் புத்தகங்களின் நண்பகலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன்.

“ஏழு மணிக்கு விடியுது, ஏழு மணிக்கு இருட்டுது. நடுவுல ஒன்னுதானேம்மா வரும்?” என்றார் கணவர்.

“இத நேத்தே சொல்றதுக்கு என்ன?”

“நீ எங்க கேட்ட?”

மண்டபத்துக்குள் போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். கூட்டமும் பின்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்தது. “எல்லாரும் மொதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. நெழல் ஒரு மணிக்குத்தான் போகும். புத்தகத்துல பன்னிரண்டுன்னு போட்டிருக்கேன். அது தப்பு. நான் பண்ண தப்பு,” என்றேன். தலைமை விருந்தினர் மடியிலிருந்த முதல் பிரதியைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். சார் வழக்கம்போலத் தாமதமாக வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று யாரோ கத்த, தலைமை விருந்தினர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

ஒரு மணிக்குச் சற்று முன் வாயில் பாயசத்தோடு கூட்டம் திரும்பி வந்தது. நிழல் விரல் அகலமாகி, நகக்கண் அளவாகி, குழாயின் அடியில் ஒடுங்கிப் போயே போய்விட்டது. எல்லோரும் தங்கள் காலடியைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். குடைக்காரர்கள் குடையை விரித்து அதன் நிழல் தங்களை வட்டமாகச் சூழ்ந்திருப்பதைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தொழுகைக் கூடமான சூராவிலிருந்து பாங்கு கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பிறகு புத்தகக் கட்டுகளைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு பிரதியிலும் பன்னிரண்டை அடித்து ஒன்று என்று பேனாவால் திருத்த உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை விரித்து விரித்துக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து பிரதி திருத்தியாயிற்று.

“அண்ணி, உங்ககிட்ட பேசணும்னாவே எனக்குப் பயம்,” என்றாள் திடீரென்று. “அதனாலதான் குரூப்புல அனுப்புவேன். தப்புன்னாவது பதில் போடுவீங்கல்ல.”

பேனா அப்படியே நின்றுவிட்டது. இத்தனை ஆண்டில் அவளுக்கு நான் அனுப்பியதெல்லாம் அந்த ஒரு சொல்தான். வெட்கமாக இருந்தது. அடுத்த பிரதியை நீட்டியவளிடம், “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.