ஒருவர் போதும்

லாசால் பகுதியில் நான் வேலை செய்த நிறுவனத்தில் நாற்பது லினக்ஸ் சேர்வர் கணினிகள் இருந்தன. அங்கே எனக்கு வேலை எடுத்துத் தந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கையால்தான் அமைப்பார். எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்தே அமைக்கும் மென்பொருள் ஒன்றைத் தெரிவு செய்து அறிக்கை எழுதும்படி மேலாளர் என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். மூன்று வாரம் சோதித்து, எதையும் மறைக்காமல் எழுதினேன். அதை வைத்து எல்லாச் சேர்வர்களையும் பார்க்க எத்தனை பேர் தேவை என்று மேலாளர் கேட்டிருந்த கேள்விக்கு, 'ஒருவர் போதும்' என்று பெருமையோடு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே, எல்லாக் கடவுச்சொற்களையும் எனக்கு எழுதிக் கொடுக்கும்படி மேலாளர் அண்ணையிடம் சொல்லிவிட்டார். அண்ணை சிரித்தபடி என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பெரியாள் ஆகிட்டீர். இனி நான் கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கலாம், என்ன?"

"ஓம் அண்ணை" என்று திரையைப் பார்த்தபடி சொன்னேன்.

ஒவ்வொரு மெஷினின் குணத்தையும் சொல்லிச் சொல்லி எழுதினார். முப்பதாவதில் மேலாளர் வந்து, அவரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உம்மைக் கூப்பிடேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"சரி, பேந்து வந்து மிச்சம் பத்தையும் சொல்லுறன்" என்று பேனையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேலாளர் கதவைச் சாத்தினார்.