ஹங்கேரிக்காரன் நல்லவனான ஞாயிற்றுக்கிழமை

என் சின்ன மாமாவுக்கு ரங்கூனில் கத்துவதுதான் உத்தியோகம். அம்மா அப்படித்தான் சொல்லுவாள். படம் பேசத் தொடங்காத காலம் அது. திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்; நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து சம்பான் படகில் ஏறி வருகிற துறைமுகத் தொழிலாளிகளுக்கும், தாமுவேயிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருகிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் அந்த எழுத்தைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலாட்டத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் நின்று மாமாதான் சொல்வார். கதாநாயகி அழுதால் அவரும் அழுவார். திரையில் குதிரை ஓடினால் மாமாவுக்கு மூச்சு வாங்கும்.

படத்துக்கு ஏற்றபடி வாசிக்கப் பியானோவுக்கு ஓர் அம்மாளும் பிடிலுக்கு ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார்கள். அவரைப் பிடில் துரை என்போம். எங்களைப் பொறுத்தவரை வெள்ளைத்தோல் என்றால் இங்கிலீஷ்காரன். அதுவும் இல்லையென்றால் சண்டையில் தோற்ற ஜெர்மன்காரன். வேறு வகையும் இருக்கிறது என்று அவர்தான் மாமாவுக்குச் சொன்னார். அவர் ஹங்கேரி தேசத்தவர். அங்கே அப்பாவை ‘அபா’ என்பார்களாம். பெயர் எழுதும்போது குடும்பப் பெயர் முன்னால் வருமாம், சொந்தப் பெயர் பின்னால் வருமாம். “அக்கா, அவங்க நமக்குப் பங்காளிங்கதான்” என்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பாலம் கட்டுகிற ஓர் இளைஞன் கதாநாயகன். சீட்டாட்டத்தில் ஏமாற்றி, அவனுடைய காதலியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஒரு பிரபு. மீசையை முறுக்கிக்கொண்டு அவன் முதன்முதலாகத் திரையில் நுழைந்ததும், ‘ஹங்கேரி நாட்டுப் பிரபு’ என்று எழுத்து வந்ததாம். வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் ஆட்டத்தில் அந்த எழுத்தைக் கண்டதும் பிடில் துரை வில்லைக் கீழே வைத்துவிட்டார். பிரபு வந்த இடங்களிலெல்லாம் பியானோ மட்டும் தனியே தடுமாறியது. ஜனங்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு தடவை வில் கீழே இறங்கினால் ஆளும் இறங்கிவிட வேண்டியதுதான் என்று கொட்டகை முதலாளி சொல்லிவிட்டார். வேலை இல்லாத வெள்ளைக்காரனை ஊரில் வைத்திருக்க சர்க்காருக்குப் பிடிக்காது. கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மாமா அவரைப் பக்கத்துத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். எனக்கு எட்டு வயது. வாய் நிறையப் பணியாரம். மாமாவின் இங்கிலீஷ் முழுவதும் திரையில் படித்தது. அதனால் தேநீர் கொண்டுவரச் சொல்வதுகூடச் சபதம் செய்வதுபோல இருக்கும். பேசிய ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்க ஆள் இல்லாமல் அவரால் எதையும் பேச முடியாது.

“இந்த ஊரில் என் தேசத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது” என்றார் துரை. “முதன்முதலாகத் தெரிந்துகொள்வது இவனைத்தானா?”

மாமா யோசித்தார். “துரை, இன்னைக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. நான் சொல்றதுதான் எழுத்து. கெட்டவன எந்த ஊர்க்காரன் ஆக்கலாம், சொல்லுங்க.”

துரை வாயைத் திறந்தார். ஒரு தேசத்தின் பெயர் அவர் நாக்கு நுனிவரை வந்தது என்பது எனக்கே தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். “எந்த ஊரும் வேண்டாம்.”

“ஊர் இல்லாத கெட்டவன ஜனங்க நம்ப மாட்டாங்களே” என்று மாமா கவலைப்பட்டார். எழுந்திருக்கும்போது அவருக்கே வழி தோன்றிவிட்டது. “சரி, நான் பாத்துக்கறேன். நீங்க வில்ல மட்டும் கீழ வைக்காதீங்க.”

அன்று மாமா கத்தியதுபோல் அதற்கு முன்போ பின்போ கத்தியதில்லை. “இதோ வருகிறான் பாருங்கள், டம்பேரியா தேசத்துப் பிரபு! பெண்டு பிள்ளைகளே, காதுத் தோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்!” அப்படி ஒரு தேசம் உலகத்தில் கிடையாது. டம்பம் அடிக்கிறவன் ஊர் டம்பேரியாவாகத்தானே இருக்க வேண்டும் என்று ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். கதாநாயகன் குதிரையில் வந்தான். “வந்துவிட்டான் நம் ஹங்கேரி வீரன்!” என்றார் மாமா. கொட்டகை ஆர்ப்பரித்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் என் அப்பா எழுந்து நின்றார்.

அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பயாஸ்கோப்புக்கு வரவே மாட்டார். அன்று அம்மா வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். இங்கிலீஷில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

“மாப்ளே! அதுல அப்படி இல்லியே. கெட்டவன்தான் ஹங்கேரின்னு போட்டிருக்கு!”

கூச்சல் அப்படியே நின்றது. கதவோரம் நின்ற முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மாமாவின் வேலையும் துரையின் வேலையும் அந்த ஒரு நொடியில் தொங்கின. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தான்!” என்றார் மாமா, குரல் கொஞ்சமும் இறங்காமல். “எழுத்து அடிச்சவன் மாத்தி அடிச்சுட்டான். மூஞ்சியப் பாருங்க. அது ஹங்கேரி மூஞ்சியா?”

அப்பா நிஜமாகவே திரும்பி அந்த மூஞ்சியைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு மூட்டை தூக்குகிறவர் கெஞ்சினார்: “ஐயா, உக்காருங்கய்யா. அங்க பொண்ணத் தூக்கிட்டுப் போறான். இப்பப் போய் ஊரு விசாரிக்கிறீங்களே!”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். கதாநாயகன் மறுபடி குதிரையில் பாய்ந்ததும் ஜனங்கள் அவனை ஊர்ப்பெயர் சொல்லியே கூவினார்கள். பிடில் துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘ஹங்கேரி, ஹங்கேரி’ என்று ஒரு கொட்டகையே கூவுவது எந்தக் காதுக்கும் புரியும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, எதிரே விரித்திருந்த இசைத்தாளைப் பார்க்காமல், தன் ஊர்ப் பாட்டு ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாகத் தொடங்கிய பாட்டு குதிரையின் ஓட்டத்தோடு சேர்ந்துகொண்டு பறந்தது. டாலாக்காரர்கள் தாளம் போட்டார்கள். தாளம் தப்பவில்லை.

அதற்குப் பிறகு தாமுவேயில் எங்கள் தெருப்பிள்ளைகள் சண்டை விளையாட்டில் ‘நான்தான் ஹங்கேரி’ என்று அடித்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் பெரிய மூட்டையைத் தூக்கும்போது, “ஹங்கேரி மாதிரி தூக்குடா” என்று சொல்லத் தொடங்கிவிட்டதாக மாமா வந்து சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் அதை நான் என் காதாலேயே பிறகு கேட்டேன்.

அப்பா ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மாமாவையும் துரையையும் சாப்பிட அழைத்து அதை முடித்துவைத்தாள். துரை எங்கள் கூடத்தில் சம்மணம் போட முடியாமல் காலை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்தார். அம்மாவின் மீன்குழம்பைக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டார். தன் தாயார் வீட்டுச் சுவரிலும் மிளகாயைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பாள் என்றார். வெள்ளைக்காரர்களுக்கு மிளகாய் தெரியும் என்பதை அம்மா நம்பவேயில்லை.

அப்பா விடவில்லை. “உங்க தேசத்துல சீட்டுல ஏமாத்துறவன் ஒருத்தன்கூட இல்லையா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“இருக்கிறான். என் தங்கை புருஷனே அப்படித்தான்” என்றார் துரை. “ஆனால் ரங்கூனில் அவனை யாருக்கும் தெரியாது. என்னைத்தான் தெரியும்.”

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் எனக்குத் தைரியம் வந்தது. பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய புது தேசப்படப் புத்தகத்தை ஓடிப்போய் எடுத்து வந்து, துரையின் ஊரைக் காட்டச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தார். ஹங்கேரி பச்சை நிறத்தில் சின்னதாக இருந்தது. விரல் பச்சையைத் தாண்டிக் கிழக்கே போய், பக்கத்து மஞ்சள் நிறத்தில் நின்றது.

“இங்கே” என்றார்.

“இல்ல துரை, அது ருமேனியா. ஹங்கேரி இங்க இருக்கு” என்று நான் அவர் விரலைப் பிடித்து நகர்த்தி, பச்சைக்குள் சரியாக வைத்தேன்.

மாமா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. துரை விரலை நான் வைத்த இடத்திலேயே சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சரியான பதில் சொன்னால் அப்பா என் உச்சந்தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். அன்று தட்டவில்லை. புத்தகத்தை மூடித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, துரைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடும்படி அம்மாவிடம் சொன்னார். அந்த ஜெர்மன் சண்டை முடிந்தபின் பெரிய தேசங்கள் உட்கார்ந்து கோடுகளை மாற்றிப் போட்டதையும், அதில் மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் ஊர்கள் வேறு தேசத்துக்குப் போய்விட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷங்கள் இருந்தன. பிடில் அவ்வளவு நன்றாக வாசிக்கிறவருக்குப் பூகோளம் மட்டும் வராது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.