ஊசி வைத்த பக்கம்

என் மனைவியின் முகவாயில் முளைத்த முடியைச் சொல்லி, அவள் பிறந்த வீட்டாரை நான் சிரிக்க வைத்தேன். சிதம்பரத்தில் அவளுடைய தம்பி கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பந்தியில் அவள் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தாள்.

"மச்சான், எங்க வூட்ல பிளேடு ஜாஸ்தியா செலவாவுது. உங்க அக்காவுக்கும் சேத்துல்ல வாங்குறேன்!"

பந்தியே சிரித்தது. அவள் வாளியோடு அடுத்த இலைக்குப் போனாள்.

அதன்பின் யாரோடு பேசினாலும் முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம், காதுகுத்து என்றால் தலைவலி என்று என்னை மட்டும் அனுப்பிவிடுவாள். ஒருமுறை கேட்டாள்: "கடலூர்ல கரண்ட் வெச்சு வேரோட எடுக்கறாங்களாம். போவலாமா?"

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பால்காரரிடம்கூடக் கதவை ஒருக்களித்துக்கொண்டுதான் பேசினாள். நானே கடலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா முகவாயைத் திருப்பிப் பார்த்தார். "முடியெல்லாம் வெளுத்துடுச்சும்மா. லேசர் வெள்ளை முடிக்கு வேலை செய்யாது. எலக்ட்ரோலிசிஸ்தான் பண்ணணும்."

முடி ஒவ்வொன்றின் வேருக்கும் மெல்லிய ஊசியை இறக்கி, கொஞ்சம் மின்சாரம் விட்டு வேரைக் கருக்குகிறார்கள். இடது பக்கத்தில் தொடங்கினார்கள். வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. அடுத்த முறை வரும்வரை பிடுங்கக்கூடாது, நூல் போட்டு எடுக்கக்கூடாது. முடி வெளியே தெரிந்தால்தான் ஊசி வைக்க முடியும் என்றார்கள். அந்த நாட்களில் அவள் வாசலுக்கே வருவதில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொள்வாள்.

மாதங்கள் போயின. இடது பக்கம் முளைப்பது நின்றது. ஒருநாள் திரும்பி வரும்போது, பஸ்ஸிலேயே முந்தானையை விலக்கி, "தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். அவள் சிரித்தாள்.

வலது பக்கத்துக்காக வளர விட்டிருந்த நாட்களில், புவனகிரியில் அவள் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

"இந்த மொகத்தோட நான் வரலீங்க."

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன், வா."

நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. நாலு பேர் முன்னால் செய்த தவறுக்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. தட்டு மாற்றி முடிந்ததும், பெரியவர் ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசட்டும் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். வாழ்த்திவிட்டு, அன்றைக்குப் பந்தியில் நான் சொன்னதை அப்படியே சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

மண்டபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. விஷயமே தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் அவள் முகவாயைப் பார்த்தார்கள்.

"என்னா மாமா இது, எப்பவோ சொன்னது! நாங்கல்லாம் மறந்தே பூட்டோம்" என்றான் மச்சான். உண்மையாகவே மறந்திருந்தார்கள்.

அவள் எழுந்து மணப்பெண் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது வலது பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"அன்னிக்குப் பந்தியோட போச்சு. இன்னிக்கு மைக் வெச்சுச் சொன்னீங்க."

அந்த முறை ஊசி வைக்க முடியாமல் போயிற்று. மறுபடி வளர விட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. அவள் போகவில்லை. இடது பக்கம் இன்றைக்கும் வழவழப்பாக இருக்கிறது. வலது பக்கத்தைத் தினமும் விடியுமுன் எழுந்து, நான் பார்க்காதபடி சுத்தம் செய்துகொள்கிறாள்.

போன வாரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பாதியில நிக்குது. நான் கூட வரல. நீ மட்டும் போய் முடிச்சிட்டு வாயேன்."

"அதுக்கு வளர விடணும்" என்றாள். "வூட்ல நீங்க இருக்கீங்களே."